நாள் குறித்துச் செய்யும் உபகாரம்

(மாணவரும் மக்கள் தொண்டும் – 6)

காந்திகிராமத்தில் ஜி. ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் மாணவர்களைக் கிராமத் தொண்டில் ஈடுபடுத்திய வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். ஒரு ஸ்தாபனத்தின் எல்லைக்குள், இரண்டு பெரியவர்களுடைய நேர்ப்பார்வையில் நடந்த காரியம் அது. அதையே தேசத்திலுள்ள கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவாக்க முடியுமா, பொதுவாக்கினால் அதன் ஜீவன் தங்குமா என்ற கேள்வி, சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நம் கல்வியாளர்களின் மனத்தைப் பற்றிக்கொண்டது. அதற்கு ஒரு விடை காண ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

1950 ஜனவரியில் மத்திய கல்வி ஆலோசனைக் குழு, மாணவர்கள் சுய விருப்பத்தின்பேரில் சிறிது காலம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், ஆசிரியர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்றும் யோசனை கூறியது. 1958-இல் பிரதமர் நேரு, பட்டம் பெறுவதற்குச் சமூக சேவையை ஒரு நிபந்தனையாக்கலாமா என்று முதலமைச்சர்களுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு சி. டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு இன்னும் ஒரு படி மேலே சென்று, உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குள் நுழைய விரும்பும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகத் தேசத் தொண்டு செய்தே ஆக வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கான பொருட்செலவும், நடைமுறைச் சிரமங்களும் மலைக்க வைத்தமையால் அந்த யோசனை ஏற்கப்படவில்லை. பல நாடுகளின் இளைஞர் சேவைத் திட்டங்களை ஆராய்ந்து வந்த கே. ஜி. சையதைன், 1960-இல், இத்தகைய பணி கட்டாயமின்றித் தன்னார்வத்தின் அடிப்படையிலேயே நடக்க வேண்டும் என்ற முடிவைத் தந்தார். கோத்தாரி கல்விக் குழுவும் மாணவர்களை ஏதேனும் ஒரு சமூக சேவையோடு பிணைக்க வேண்டும் என்று கூறிற்று. இறுதியில், காந்தியடிகளின் நூற்றாண்டு வருஷமாகிய 1969-இல், செப்டம்பர் 24ஆம் நாள், மத்தியக் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். என்.எஸ்.எஸ். என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் மூன்றெழுத்து இதுதான்.

தேஷ்முக், சையதைன் என்னும் இருவருள் யார் சொன்னது சரி? சையதைன் சொன்னதே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏவலின்பேரில் செய்யும் உபகாரம், பெறுகிறவரையும் சிறுமைப்படுத்துகிறது, செய்கிறவரையும் சிறுமைப்படுத்துகிறது. ஆயினும் தேஷ்முக் குழுவின் கட்டாயத்தைத் தள்ளியபோது, அக்குழு மனத்தில் கொண்டிருந்த மற்றொன்றையும், அதாவது காலத்தை வரையறுத்து ஒழுங்காகச் செய்தல் என்பதையும் சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. மனம் இளகுவது ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடும். இளகிய மனம் அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும், தேர்வு நெருங்கும் மாதத்திலும் அதே வீட்டு வாசலுக்குப் போய் நிற்க வேண்டுமானால், அதற்கு ஒரு நாட்குறிப்பும் ஒரு பெயர்ப் பட்டியலும் பொறுப்பேற்கும் நாலு தோழர்களும் வேண்டும். இளைஞர்களின் கருணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் ஆவேசத்தையே போற்றுகிறார்கள். நான் அதன் ஒழுங்கைப் போற்ற விரும்புகிறேன்.

திட்டத்தின் அமைப்பும் இதற்கு இடங்கொடுக்கிறது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஒரு முறை ஏழு நாள் சிறப்பு முகாமில் தங்க வேண்டும். முகாம் நடக்கும் கிராமம், அந்தக் கல்லூரி தத்தெடுத்துக்கொண்ட கிராமமாக இருக்க வேண்டும். தத்தெடுத்தல் என்ற சொல்லை இவ்வமைப்பை வகுத்தவர்கள் எவ்வளவு யோசித்து ஆண்டார்களோ அறியேன்; ஆனால் அதற்குரிய கடமை சிறிதன்று. ஏழு நாள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்து, ஊருணிக் கரையைச் சீர்செய்து, கோயில் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கி, எட்டாம் நாள் நிறைவு விழாவில் மாலை போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டு, மறு வருஷம் வேறொரு ஊரைத் தேடுவது தத்தெடுத்தல் ஆகாது.

முகாம்களில் வழக்கமாக நடக்கும் கண் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துக்கே சென்று முதியோரைப் பரிசோதித்து, கண்புரை உள்ளவர்களை அழைத்துப் போய் அறுவை செய்து திரும்பக் கொண்டுவந்து விடும் முறையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தது. இதில் டாக்டர் செய்யும் வேலை இன்னதென்று எல்லோருக்கும் தெரியும். மாணவர் செய்யும் வேலை அதற்கு முந்திய நாளும் பிந்திய மாதமும் நடப்பது. முந்திய நாள் அவர் வீடு வீடாகப் போகிறார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியிடம், "பாட்டி, நாளைக்குக் கண்ணு பாக்க டாக்டருங்க வர்றாங்க, பள்ளிக்கூடத்துக்கு வந்துருங்க" என்கிறார். "நான் எங்க தம்பி வர்றது? மகன் திருப்பூருல இருக்கான், மருமக வேலைக்குப் போயிருவா, என்னை யாரு கூட்டிட்டுப் போவா?" என்று பதில் வருகிறது. அந்த ஊரில் பார்வை மங்கிய பலரை மருத்துவத்திலிருந்து பிரித்து வைப்பது பணமின்மையோ அறியாமையோ மட்டுமல்ல, கைபிடித்து அழைத்துச் செல்ல ஓர் ஆள் இல்லாமையும்தான் என்பதை அந்த மாணவர் அங்கே பிரத்தியட்சமாகக் காண்கிறார். மறுநாள் அவரே அந்தக் கை ஆகிறார். அறுவை முடிந்து ஊர் திரும்பிய பின்னரோ, சில வாரங்கள் நாள்தோறும் சொட்டு மருந்து விட வேண்டும். ஒரு மாதம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். முகாம் முடிந்துவிட்டது என்று கல்லூரி கணக்கை மூடிவிட்டால், அந்த ஒரு மாதத்தைக் கவனிப்பார் யார்? முறை வைத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் இருவர் இருவராக அதே தெருவுக்குத் திரும்பி வந்து, மருந்து புட்டியில் எவ்வளவு மீந்திருக்கிறது என்று பார்க்கும் மாணவர்களே கிராமத்தைத் தத்தெடுத்தவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

நாள் குறித்துச் செய்ய வேண்டியதன் அவசியம் இரத்த தானத்தில் இன்னும் தெளிவாகப் புலப்படும். ஒரு காலத்தில் நம் மருத்துவமனைகளுக்குக் கிடைத்த இரத்தத்தில் பெரும்பங்கு, வறுமையினால் விலைக்கு விற்றவர்களுடையது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக, 1998 ஜனவரி முதல் இரத்த விற்பனை தடைசெய்யப்பட்டது. விலை நின்ற இடத்தைத் தானம் நிரப்ப வேண்டியதாயிற்று. பதினெட்டு வயது நிறைந்து, நாற்பத்தைந்து கிலோ எடையும் போதிய ஹீமோகுளோபினும் உள்ள ஆரோக்கியமான எவரும் 350 மில்லிலிட்டர் தரலாம் என்ற நிலையில், இந்த மூன்றும் ஒருங்கே அமைந்தவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ்க் கூடியிருக்கும் இடம் கல்லூரியை விட வேறு எது? எனவே மாணவர்கள் இதில் முன்னணிக்கு வந்தது இயல்பே.

ஆனால் ஐப்பசியில் பெய்த மழையைக் கண்மாயில் தேக்கிச் சித்திரைக்கு வைத்துக்கொள்வதுபோல இரத்தத்தைத் தேக்கி வைக்க இயலாது. சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள் வரை தாங்கும். டெங்கு பரவும் காலத்தில் தேடித் தவிக்கும் தட்டணுக்களோ ஐந்தே நாள். ஒரு முறை கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் கழித்தே மறுபடி கொடுக்கலாம். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு விசேஷ தினத்தில் பெருங்கூட்டமாகத் திரண்டு எல்லோரும் ஒரே வேளையில் கொடுத்துவிடுவது எத்தகைய விபரீதத்தில் முடியும் என்பது விளங்கும்: அன்று கிடங்கு நிரம்பி வழியும், சில வாரங்களில் பயன்படாதது காலாவதியாகும், அப்போது ஒரு பிரசவத்துக்கோ விபத்துக்கோ தேவை ஏற்பட்டால், கொடுக்கக் கூடியவர்கள் அனைவரும் ஏற்கெனவே கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களாக இருப்பார்கள். தலசீமியா நோயுற்ற குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு தரம் இரத்தம் ஏற்றியாக வேண்டும். அவர்களுடைய நோய் எந்தத் தலைவரின் பிறந்தநாளையும் பார்த்து வருவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தேர்வும் விடுமுறையும் வந்து கல்லூரிகள் வெறிச்சோடும்போது இரத்த வங்கிகளும் வறண்டு போகின்றன. இதனை உணர்ந்த மாணவர்கள், தோழர்களின் இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, சொந்த ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, நூறு பேரை ஒரே நாளில் அனுப்பாமல் மாதத்துக்குச் சிலராகப் பகிர்ந்து அனுப்புகிறார்கள். விடுமுறைக்குப் போகிறவர் தம் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே கொடுக்கும்படி ஏற்பாடு செய்கிறார்கள். கையை நீட்டி இரத்தம் கொடுத்தவருக்குச் சற்றும் குறையாத நன்றி, இந்தப் பதிவேட்டை எழுதி வைத்தவருக்கும் உரியது. கைதட்டலோ புகைப்படமோ அவருக்குக் கிடைப்பதில்லை.

இங்கே ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். 120 மணி நேரம் என்ற கணக்கு, பணி இடையறாது நடப்பதற்காக ஏற்பட்டது. அது பல இடங்களில் சான்றிதழுக்காக நிரப்பப்படும் கட்டமாகிவிட்டது. எங்கே போவது, என்ன செய்வது என்பதையெல்லாம் திட்ட அலுவலராகிய ஆசிரியரே முடிவு செய்து, மாணவர்கள் வரிசையில் நின்று கையெழுத்திட்டுவிட்டுப் போகும் இடங்களில், சையதைன் விலக்க விரும்பிய கட்டாயமே வேறு வேஷத்தில் உள்ளே வந்து அமர்ந்துவிடுகிறது. ஊராரிடம் போய், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும் முதல் வேலையையாவது மாணவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அவர்கள் தவறாகத் திட்டமிட்டாலும் பாதகமில்லை, அடுத்த முறை திருத்திக்கொள்வார்கள்.

முகாமும் கூட்டமும் இல்லாத தொண்டு ஒன்றும் உண்டு. பார்வையற்ற மாணவர் தேர்வு எழுதும்போது, அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவர் வேண்டும். 'சொல்வதை எழுதுபவர்' என்று தேர்வுத் துறை அவரைக் குறிப்பிடுகிறது. தேர்வு எழுதுகிறவரைவிட அவர் படிப்பு நிலையில் குறைந்தவராக இருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் விதி. கூடுதலாக மணிக்கு இருபது நிமிஷம் தரப்படுகிறது. வினாவை நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். தனக்குத் தெரிந்த விடையைச் சேர்க்கவும் கூடாது, தெரியாத சொல்லைப் பிழைபட எழுதி மற்றவரின் மதிப்பெண்ணைக் குறைக்கவும் கூடாது. இதற்கு வேண்டிய அடக்கம் பெரிது. இதிலுள்ள பெரிய இடையூறும் காலத்தைப் பற்றியதே: ஒருவருக்குத் தேர்வு நடக்கும் பருவத்தில்தான் மற்றவருக்கும் தேர்வு நடக்கிறது. ஆகவே தேர்வு அட்டவணை வெளியானவுடனேயே இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த நாளில் எவர் ஓய்வாக இருக்கிறார் என்று பார்த்து ஆள் குறித்து, ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் பதிலாக வரவேண்டியவரையும் முன்கூட்டியே சொல்லி வைக்கும் மாணவர் குழு ஒன்று ஒவ்வொரு கல்லூரியிலும் இருந்தால், கடைசி நாள் வரை ஆள் கிடைப்பாரோ மாட்டாரோ என்று படிப்பையும் மறந்து கலங்கும் பல இளைஞர்களின் துயரம் நீங்கும்.

கல்லூரிகளுக்கு வெளியே, ஒரு மாவட்டமே எழுத்தறிவுக்காகத் தொண்டர் படையாகத் திரண்ட சரித்திரம் ஒன்று நம்மிடையே உண்டு. 1991-இல் புதுக்கோட்டையில் பரவிய அறிவொளி இயக்கத்தையும், அதில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்களையும், மாலைப் பொழுதில் அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த இளைஞர்களையும் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)