தி அவுட்சைடர்ஸ் (புதினம்)

தி அவுட்சைடர்ஸ் (பொருள்: வெளியாட்கள்) என்பது அமெரிக்க எழுத்தாளர் எஸ். ஈ. ஹிண்டன் எழுதி, 1967 ஏப்ரல் மாதத்தில் வைக்கிங் பதிப்பகத்தால் வெளியிடப்பட்ட ஆங்கிலப் புதினம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இளையோர் புனைவு என்னும் வகை தனித்து உருவெடுக்கக் காரணமான நூல்களுள் முதன்மையானதாக இது கருதப்படுகிறது. பெற்றோரை இழந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், ஆண் என்பவன் எப்படி இருக்க வேண்டும் எனத் தன் தெரு கற்றுத் தந்தவற்றை அடுத்தடுத்த இழப்புகளின் ஊடாகச் சோதித்துப் பார்ப்பதே இதன் கருப்பொருள் எனலாம். இந்நூல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாகியுள்ளது.

எழுதப்பட்ட சூழல்

ஓக்லகோமா மாநிலத்தின் துல்சா நகரில் 1948 இல் பிறந்த சூசன் எலோயிஸ் ஹிண்டன், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, தமது பதினைந்தாம் வயதில் இதனை எழுதத் தொடங்கினார். திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய நண்பர் ஒருவர் வேற்றுக் குழுவினரால் தாக்கப்பட்டதே எழுதத் தூண்டியதாக அவர் கூறியுள்ளார். அக்காலத்தில் பதின்ம வயதினருக்கென வந்த நூல்கள் பெரும்பாலும் விளையாட்டு வெற்றிகளையும் பள்ளி நடன விழாக்களையும் சுற்றியே அமைந்தன. தம் பள்ளியில் தாம் கண்ட வாழ்க்கை அவற்றில் இல்லை என்பது அவரது குறை. நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. இதை எழுதிய ஆண்டில் படைப்பெழுத்துப் பாடத்தில் தாம் மிகக் குறைந்த தரமே பெற்றதாகவும் அவர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார்.

ஆண் சிறுவர்களைப் பற்றிய நூலை ஒரு பெண் எழுதினார் என்று தெரிந்தால் மதிப்புரையாளர்கள் புறக்கணிக்கக்கூடும் என்று கருதி, பெயரின் முதலெழுத்துகள் மட்டும் அட்டையில் அச்சிடப்பட்டன. ஆண்மையைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசும் நூல் ஆண் எழுதியதாகத் தோற்றம் காட்ட வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கதைச் சுருக்கம்

துல்சாவின் கிழக்குப் பகுதி ஏழை இளைஞர்கள் தலைமுடியை நீளமாக வளர்த்து எண்ணெய்ப் பசையிட்டு வாருவதால் 'கிரீசர்கள்' எனப்படுகின்றனர். மேற்குப் பகுதிச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் 'சோஷ்கள்'. கதைசொல்லியான போனிபாய் கர்ட்டிஸ், இருபது வயதான டாரி, பதினாறு வயதான சோடாபாப் ஆகிய அண்ணன்மாருடன் வாழ்கிறான். பெற்றோர் சாலை விபத்தில் இறந்தபின், டாரி கல்லூரிக் கனவைக் கைவிட்டுக் கூரை வேலைக்குச் செல்கிறான். சோடாபாப் படிப்பை நிறுத்தி எரிபொருள் நிலையத்தில் பணிபுரிகிறான். ஏதேனும் தவறு நேர்ந்தால் அரசு இளையவர்களைப் பிரித்துச் சிறுவர் இல்லத்திற்கு அனுப்பிவிடும் என்ற அச்சம் வீட்டில் எப்போதும் உண்டு.

ஓர் இரவு தாமதமாக வீடு திரும்பும் போனிபாயை டாரி அறைந்துவிட, அவன் வெளியே ஓடுகிறான். பூங்காவில் சோஷ்கள் அவனை நீரூற்றில் அமிழ்த்திக் கொல்ல முயலும்போது, நண்பன் ஜானி அவர்களில் ஒருவனான பாப் என்பவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். டாலி என்னும் முரட்டு நண்பன் கொடுத்த பணத்துடனும் துப்பாக்கியுடனும் இருவரும் கைவிடப்பட்ட தேவாலயம் ஒன்றில் ஒளிகின்றனர். பின்னர் அக்கட்டடம் தீப்பற்றுகிறது. உள்ளே சிக்கிய குழந்தைகளை மீட்கும்போது ஜானி படுகாயமடைந்து, மறுநாள் இறக்கிறான். அதைத் தாங்க இயலாத டாலி, குண்டு இல்லாத துப்பாக்கியைக் காவலர்முன் நீட்டிச் சுடப்பட்டு இறக்கிறான். நீதிமன்றம் போனிபாயை அண்ணன்மாருடனேயே வாழ அனுமதிக்கிறது. ஆங்கில ஆசிரியர் எழுதச் சொன்ன கட்டுரைக்காக அவன் எழுதத் தொடங்குவதே இந்நூல் என்பது இறுதியில் தெரியவருகிறது.

ஆண்மையும் வளர்ச்சியும்

இக்கதையில் ஆண்மையின் முதல் விதி கடினமாக இருத்தல். அதன் உருவம் டாலி. பத்து வயதிலேயே கைதானவன். கல்லாகிவிட்டால் எதுவும் காயப்படுத்தாது என்பது அவன் போனிபாய்க்குக் கூறும் அறிவுரை. ஆனால் ஜானியின் மரணத்தில் முதலில் நொறுங்குபவன் அவனே.  அவ்வறிவுரையைச் சொன்னவனின் முடிவே அதற்கு மறுப்பாகிறது. இது ஆசிரியரின் வயதை எண்ணும்போது வியப்பூட்டும் முதிர்ச்சி.

கண்ணீர் இந்நூலில் கணக்கு வைத்துக் காட்டப்படுகிறது. பெற்றோரின் இறுதிச் சடங்கில்கூட அழாதவன் டாரி. தீ விபத்துக்குப் பின் மருத்துவமனையில் தம்பியைக் கண்டு அவன் அழும்போதுதான், அதுவரை வெறுப்பு எனத் தான் நினைத்த கண்டிப்பு அச்சத்தின் வேறு வடிவம் என்பதைப் போனிபாய் உணர்கிறான். இதற்கு எதிர்ப்பக்கத்தில், கொலையுண்ட பாப் பற்றி அவனுடைய நண்பன் ராண்டி கூறும் செய்தி உள்ளது: அவனைக் கண்டிக்க வீட்டில் எவரும் இருந்ததில்லை. தகப்பன் நிலையில் நிற்க வேண்டிய ஒருவரின் இருப்பும் இன்மையும் இரு வர்க்கங்களிலும் இவ்வாறு ஒப்பிடப்படுகின்றன.

குழுச் சண்டைக்கு முன், ஒவ்வொருவரும் ஏன் சண்டையிடுகின்றனர் எனப் போனிபாய் எண்ணிப் பார்க்கும் பகுதி முக்கியமானது. ஒருவனுக்கு அது விளையாட்டு, ஒருவனுக்கு வெறுப்பு, டாரிக்குத் தன்மானம், இன்னொருவனுக்கு மற்றவர் செய்வதைத் தானும் செய்தல். தற்காப்பைத் தவிர வேறு நல்ல காரணம் எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. ஆயினும் காய்ச்சலுடன் அவன் சண்டைக்குப் போகிறான். சிந்தனை தெளிந்தவுடன் நடத்தை மாறிவிடும் என்று இந்நூல் பாசாங்கு செய்வதில்லை. சண்டையில் கிரீசர்கள் வெல்கின்றனர். அவ்வெற்றியால் யாதொரு பயனும் விளையவில்லை.

முடியும் ஓர் அடையாளமே. ஒளிந்திருக்கும்போது முடியை வெட்டிச் சாயம் பூச நேர்வதைப் போனிபாய் பெரும் அவமானமாகக் கருதுகிறான். பணமில்லாத சிறுவர்களுக்குப் பெருமைப்பட எஞ்சியிருந்தது அதுவே.

பிற்பகுதியில் வரும் சிறு காட்சி ஒன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. தன்னை நெருங்கும் சோஷ்களை உடைந்த புட்டியைக் காட்டி விரட்டிய போனிபாய், எவருடைய வண்டிச் சக்கரமும் பழுதாகக் கூடாது என்று கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குகிறான். அவன் கல்லாகிவிட்டானோ என அஞ்சிய நண்பன் அதைக் கண்டு நிம்மதி அடைகிறான்.

திறனாய்வு

உணர்ச்சி மிகை, தற்செயல் நிகழ்வுகளின் மிகுதி ஆகியன குறைகளாகச் சுட்டப்படுகின்றன. செர்ரி என்னும் பாத்திரத்தைத் தவிரப் பெண்கள் ஏறத்தாழ நிழல்களே. 1921 இல் கிரீன்வுட் பகுதிக் கறுப்பினத்தவர் மீது பெரும் படுகொலை நிகழ்ந்த நகரம் துல்சா. ஆனால் இந்நூலில் இனப்பிரிவினை பேசப்படுவதில்லை, பிளவு முழுவதும் வெள்ளையருக்குள்ளான வர்க்கப் பிளவாகவே உள்ளது. வன்முறை, புகை, மது ஆகியவற்றைக் காட்டுவதால் சில பள்ளிகளிலும் நூலகங்களிலும் இந்நூலுக்கு எதிர்ப்பு எழுந்ததுண்டு. அதே வேளையில் பல பள்ளிகளில் இது பாடநூலாகவும் உள்ளது.

தாக்கம்

ராபர்ட் கோர்மியரின் தி சாக்லேட் வார் (1974), வால்டர் டீன் மையர்சின் மான்ஸ்டர் (1999) முதலிய பிற்கால நூல்கள் சிறுவர்களின் வன்முறையை மேலும் கடுமையாக அணுகின. ஜேசன் ரெனால்ட்சின் லாங் வே டவுன் (2017) என்னும் கவிதைப் புதினத்தில், அழக்கூடாது, காட்டிக்கொடுக்கக்கூடாது, பழிவாங்க வேண்டும் என்ற தெருவின் விதிகள் வெளிப்படையாகவே முன்வைக்கப்படுகின்றன. ஹிண்டன் தொடங்கிய விசாரணையை, அவர் விட்டுவிட்ட கறுப்பினச் சூழலில் இந்நூல் தொடர்கிறது எனலாம்.

கலிபோர்னியாவின் பிரெஸ்னோ பகுதிப் பள்ளியொன்றின் நூலகரும் மாணவர்களும் எழுதிய வேண்டுகோள் கடிதத்தைத் தொடர்ந்து, பிரான்சிஸ் போர்டு கொப்போலா இதனை 1983 இல் திரைப்படமாக்கினார். டாம் குரூஸ், பேட்ரிக் சுவேசி, மேட் தில்லன் முதலியோர் அதில் நடித்தனர். ஹிண்டன் 1988 இல் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருதை முதன்முதலாகப் பெற்றார். புதினத்தைத் தழுவிய இசை நாடகம் 2024 இல் பிராட்வேயில் அரங்கேறி, அவ்வாண்டின் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை வென்றது. திரைப்படத்தில் கர்ட்டிஸ் சகோதரர்களின் வீடாகக் காட்டப்பட்ட துல்சா வீடு 2019 முதல் அருங்காட்சியகமாக உள்ளது.