கோடை விடுமுறையில் பிள்ளைகளை என்ன செய்வது?

மதுரைத் தாய் ஒருவர் தன் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறார்

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று!

"அப்பாடா!" என்கிறார்கள் பிள்ளைகள். "ஐயையோ!" என்கிறார்கள் தாய்மார்கள்.

விடிந்தால் போதும், சண்டை தொடங்கிவிடுகிறது. "அக்கா என் பம்பரத்தை எடுத்துவிட்டாள்." "தம்பி என் சடையை இழுக்கிறான்." "அம்மா, பசிக்கிறது." "அம்மா, செல்போன் கொடு."

வெளியே போனால் வெயில். உள்ளே இருந்தால் புழுக்கம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக எல்லோரிடமும் பணம் இருக்கிறதா?

எங்களிடம் இல்லை. நாங்கள் மதுரையில், வைகை ஆற்றின் வடகரையில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை செய்கிறார். நான் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைக்கிறேன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். நான் அவரை அத்தை என்பேன். பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா. மகளுக்கு வயது 12. மகனுக்கு 9.

இப்போது எங்கள் வீட்டில் கோடை விடுமுறை என்றால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படி இல்லை.

அந்த ஒரு நாள்

அது மே மாதம். கல்யாண வீட்டுத் துணிகள் தைக்க வந்திருந்தன. நான் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மகன் சும்மா இருப்பானா? "அம்மா, வெளியே போகட்டுமா?" என்றான். "போகாதே" என்றேன். கத்தரிக்கோலை எடுத்தான். "தொடாதே" என்றேன். பாட்டுப் பாடினான். "கத்தாதே" என்றேன்.

மதியம் நான் நிமிர்ந்து பார்த்தபோது அவனைக் காணவில்லை. தெருப் பையன்களோடுதான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் வந்தான். கால்சட்டை ஈரம். "குழாயில் குளித்தேன்" என்றான்.

இரவில் அவன் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். அவள் ஓடி வந்து என்னிடம் சொன்னாள்.

ஊருக்கு வெளியே ஒரு கண்மாய். நாலைந்து பையன்கள் சேர்ந்து போயிருக்கிறார்கள். கரையோரம் கணுக்கால் அளவுதான் தண்ணீர். இவன் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறான். அங்கே மண் வெட்டி எடுத்த பள்ளம்! கால் வழுக்கி உள்ளே போய்விட்டான். மற்றப் பையன்கள் கத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வீசியிருக்கிறார். என் மகன் அதைப் பிடித்துக் கரை ஏறியிருக்கிறான்.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. பிறகு கோபம் வந்தது. அடிக்கக் கையை ஓங்கினேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

"அவனை ஏத்தா அடிக்கிறே? காலையிலிருந்து அவனோட நீ பேசினது எத்தனை வார்த்தை? எண்ணிப் பாரு" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். போகாதே, தொடாதே, கத்தாதே! மூன்றே வார்த்தை.

மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் அந்தப் பெரியவரைத் தேடிப் போனோம். ஒரு புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தார். வற்புறுத்திய பிறகே வாங்கிக்கொண்டார். "பிள்ளையைக் கட்டிப் போடாதீங்க தாயி. நீந்தப் பழக்குங்க" என்றார்.

அந்த வார்த்தையை நாங்கள் மறக்கவில்லை.

காலையில் வேலை

மறு வருடம் லீவு விட்ட அன்றே எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். காலையில் வேலை, மதியம் விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றல் என்று முடிவு செய்தோம்.

வெயிலுக்கு முன்பே வேலை முடிய வேண்டும். ஆகவே ஐந்தரை மணிக்கு எழுந்துவிடுவோம். தண்ணீர் வரும் நாளில் மகன் சின்னக் குடத்தில் பிடித்துக் கொடுப்பான். மகள் செடிக்கு ஊற்றுவாள். ஒரு நாள் அவள் வாசல் பெருக்கினால் மறுநாள் அவன் பெருக்க வேண்டும்.

"ஆம்பிளைப் பிள்ளையைப் போய்ப் பெருக்கச் சொல்றியே" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "அவன் நடக்கிற வாசல்தானே அக்கா!" என்றேன். அவர் சிரித்துவிட்டார். இப்போது அவர் மகனும் பெருக்குகிறான்!

கூழ் வத்தல் போடும் நாள்

எங்கள் வீட்டில் பெரிய திருவிழா கூழ் வத்தல் போடும் நாள்தான். அதற்கு அத்தைதான் தலைவர்.

பச்சரிசியை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, அரைத்து வைத்துவிடுவோம். விடியும் முன்பே அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். உப்பு, சீரகம், அரைத்த பச்சை மிளகாய் போட்டு, மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். கூழ் வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. உப்பை மட்டும் குறைத்தே போட வேண்டும். காய்ந்தால் உப்பு தூக்கிக் காட்டும்.

மொட்டை மாடியில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் கல் வைப்போம். பிள்ளைகள் கரண்டியால் கூழை எடுத்து ஊற்றுவார்கள். ஒன்று வட்டமாக இருக்கும். ஒன்று யானை மாதிரி இருக்கும். பொரித்தால் எல்லாம் ஒரே ருசிதான்!

நன்றாகக் காய்ந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க வேண்டும். பிறகு தட்டில் பரப்பி இரண்டு நாள் காய வைக்க வேண்டும். உடைத்தால் 'டக்' என்று சத்தம் வரவேண்டும். அதன் பிறகே டப்பாவில் போடலாம்.

காக்கை ஓட்டுவது மகன் வேலை. நிழலில் உட்கார்ந்து கம்பில் கறுப்புத் துணி கட்டி ஆட்டுவான். போன வருடம் ஒரு நாள் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. நான் கடைக்குப் போயிருந்தேன். ஓட்டமாக ஓடி வந்தேன். "எல்லாம் போச்சு" என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் பார்த்தால் வேட்டி கட்டில்மேல் விரிந்திருந்தது! மகனும் மகளும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, மடங்காமல் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். ஓரத்தில் இருந்தவை மட்டுமே நனைந்திருந்தன. நான் அழைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தங்கள் வேலை என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது.

மதியத்தில் அப்பத்தாவின் பள்ளிக்கூடம்

மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கும். 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில் பதினொரு மணிக்கு மேல் நாலு மணி வரை யாரும் வெளியே போவதில்லை. மண்பானைத் தண்ணீர், நீர்மோர், கிடைத்தால் நுங்கு. இவைதான் எங்கள் வீட்டுக் குளிர்பானம்.

பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் எல்லாம் அத்தை சொல்லிக் கொடுத்தார். புளியங்கொட்டையும் சோழியும் போதும். காசு செலவில்லை. செல்போனும் உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டும்.

ஒரு நாள் தாயத்தில் அத்தை தோற்றுவிட்டார். "தோற்றால் என்ன தருவாய், அப்பத்தா?" என்றாள் மகள். "உனக்கு என்ன வேணும்?" என்றார் அத்தை. "நீ 'அ' எழுத வேண்டும்" என்றாள்!

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான். முதலில் வெட்கப்பட்டார். பிறகு சிலேட்டை வாங்கிக்கொண்டார். அன்று முதல் தினமும் ஒரு எழுத்து. ஒரு மாதத்தில் தன் பெயரை எழுதினார். பத்திரிகையின் பெரிய எழுத்துத் தலைப்புகளை எழுத்துக் கூட்டிப் படித்தார். பேத்தி வாத்தியார், அப்பத்தா மாணவி!

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றல்

மதுரையில் இருந்துகொண்டு பார்க்க இடம் இல்லை என்று சொல்லலாமா?

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஊரே வைகைக் கரையில் இருக்கும். கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளைகள் இருவர் கையிலும் என் வீட்டுக்காரரின் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுவோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

ஒரு வாரம் காந்தி மியூசியம் போனோம். ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்டது அது. 1948-இல் சுடப்பட்டபோது காந்தியடிகள் அணிந்திருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அவர் அரையாடைக்கு மாறியதும் 1921-இல் நம் மதுரையில்தான். அந்தத் துணியின் முன்னே மகன் பேசாமல் நின்றான். அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு வாரம் திருமலை நாயக்கர் மகால். தூணைக் கட்டிப் பிடித்துப் பார்த்தார்கள். கை எட்டவில்லை. இப்போது நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஒரு பகுதிதான் என்றதும் வாய் பிளந்தார்கள். மற்றொரு மாலை வண்டியூர் தெப்பக்குளம். 1645-இல் வெட்டிய குளம். என் வீட்டுக்காரர் சிறுவனாக இருந்தபோது அது வறண்டு கிடந்ததாம். அதற்குள்ளேயே கிரிக்கெட் ஆடுவார்களாம். அண்மை வருடங்களில்தான் வைகைத் தண்ணீர் விட்டு நிரப்புகிறார்கள்.

ஆனால் எங்களால் மறக்க முடியாதது கீழடி.

கீழடியில் அப்பத்தா

மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸில் போனோம். 2021 முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "நாங்கள் மூன்று பேரும் இலவசம்!" என்று மகள் தம்பியைக் கேலி செய்தாள்.

இறங்கியதும் அத்தை பலகையை அண்ணாந்து பார்த்தார். "கீ... ழ... டி" என்று படித்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்: "கீழடி!" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

கீழடியில் மண்ணைத் தோண்டிப் பழைய ஊரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். செங்கல் சுவர்கள், உறைகிணறுகள், நூல் நூற்கும் தக்களிகள் எல்லாம் கிடைத்தன. அங்கு மக்கள் சுமார் 2,600 வருடத்துக்கு முன்பே வாழ்ந்தார்கள் என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கிடைத்த பொருள்களை வைக்க 2023-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வட்டமாக உடைத்துத் தேய்த்த பானைச் சில்லுகள். மகள் துள்ளினாள். "அம்மா! பாண்டி ஆடுகிற சில்லு!" உண்மைதான். அந்தக் காலத்துப் பிள்ளைகளும் சில்லு வைத்து விளையாடியிருக்கிறார்கள். பகடைக் காய்களும் இருந்தன. எங்கள் வீட்டுத் தாயம் மகனுக்கு நினைவு வந்தது.

இன்னொரு பெட்டியில் எழுத்துக் கீறிய பானை ஓடுகள். தமிழி என்னும் பழைய எழுத்து. ஆதன் என்றொரு பெயர் அதில் இருக்கிறது.

"இது யாரு ராசாவா?" என்று கேட்டார் அத்தை.

"இல்லை அப்பத்தா. பானையில் தன் பெயரை எழுதி வைத்த ஒரு ஆள்" என்றாள் மகள்.

அத்தை வெகு நேரம் அதையே பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரு ஆணியை எடுத்தார். தண்ணீர்ப் பானையின் கழுத்தில் தன் பெயரைக் கீறி வைத்தார். அந்தப் பானை இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

கிணற்றில் நீச்சல்

நீச்சலை மறக்கவில்லை. என் அண்ணன் கிராமத்தில் தோட்டம் வைத்திருக்கிறார். கடைசிப் பத்து நாள் பிள்ளைகள் அங்கே. கிணற்றில் இறங்கப் படிகள் உண்டு. அண்ணன் முதலில் தண்ணீரில் இறங்குவார். பிள்ளைகள் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, கயிற்றின் ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொள்வார்.

மகன் முதல் நாள் படியை விட்டு வரவே இல்லை. பழைய பயம். மகள்தான் முதலில் குதித்தாள். "வாடா தம்பி, நான் இருக்கேன்" என்றாள். ஐந்தாம் நாள் அவனும் குதித்தான். இப்போது இருவரும் குடுக்கை இல்லாமல் கிணற்றைச் சுற்றி வருகிறார்கள். கரையில் நின்ற எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஒவ்வொரு கோடையிலும் எத்தனை பிள்ளைகளைக் கண்மாயும் குளமும் கிணறும் கல்குவாரிப் பள்ளமும் விழுங்குகின்றன! பத்திரிகையில் படித்துவிட்டு "பாவம்" என்று சொன்னால் போதுமா? இவற்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்:

பெரியவர் துணை இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்தாலும் கூடாது.

ஆழம் தெரியாத இடத்தில் கால் வைக்கக் கூடாது. மண் வெட்டிய பள்ளம் மேலே தெரியாது.

ஒருவர் மூழ்கினால், நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. இருவரும் போய்விடுவார்கள். கரையில் இருந்தபடியே கயிறு, கம்பு, துண்டு, சேலை எதையாவது நீட்ட வேண்டும். உரக்கக் கத்தி ஆட்களைக் கூப்பிட வேண்டும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

முதல் டப்பா யாருக்கு?

தாய்மார்களே! "சும்மா இரு" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் சும்மா இருக்காது. "வா, சேர்ந்து செய்வோம்" என்று சொல்லிப் பாருங்கள். எனக்கும் தையல் வேலை குறையவில்லை. பிள்ளைகள் வேலை கற்றுக்கொண்டதால் நேரம்தான் மிச்சமாகிறது.

ஒவ்வொரு வருடமும் கூழ் வத்தல் காய்ந்ததும் முதல் டப்பா எங்கள் வீட்டுக்கு இல்லை. ஆடு மேய்க்கும் அந்தப் பெரியவருக்குத்தான். மகனே தூக்கிக்கொண்டு அப்பாவோடு போவான்.

இந்த வருடம் பெரியவர் அவனைக் கேட்டாராம்: "என்னடா பேராண்டி, நீந்தக் கத்துக்கிட்டியா?"

"கத்துக்கிட்டேன் தாத்தா. ஆனா கண்மாய்க்குத் தனியா வரமாட்டேன்" என்றானாம்.

பெரியவர் சிரித்தாராம். அவர் தலையில் நாங்கள் கொடுத்த துண்டு இருந்ததாம்.