இமோஜென் என்னும் பெயர்

மக்கட்கு இடப்படும் பெயர்கள் பிறக்கும் வழிகள் பல. தெய்வப் பெயர், முன்னோர் பெயர், ஊர்ப் பெயர், பண்புப் பெயர் என்பன மக்கட் பெயராய் வழங்குதல் எந்நாட்டுக்கும் பொது. இவற்றின் வேறாகப் புலவன் ஒருவன் தன் கதைமாந்தர்க்கு இட்ட பெயர் நூலினின்றும் இறங்கி வந்து வீடுகளிற் குடிபுகுதலும் உண்டு. பமிலா என்னும் பெயர் சிட்னியின் 'ஆர்க்கேடியா' என்னும் கதையிற் பிறந்து, 1740ஆம் ஆண்டில் ரிச்சட்சன் வெளியிட்ட நாவலால் ஆங்கில மக்களிடையே பரவியது. மிராண்டா என்னும் பெயர் சேக்ஸ்பியர் 'புயல்' என்னும் நாடகத்தின் பொருட்டுப் படைத்துக்கொண்டது. இமோஜென் என்னும் பெண்பாற் பெயரும் இவ்வகையினதே. ஆயினும் அது ஒருவாற்றான் ஏனையவற்றின் வேறுபட்டு நிற்கின்றது. அவ்வேறுபாடு யாதெனின், அதனை ஆக்கியவராகக் கருதப்படும் புலவர் அப்பெயரை அவ்வடிவில் எழுதவேயில்லை என்று ஐயுற இடமிருத்தலாம். எழுத்துப் பிழையொன்றே இப்பெயரைப் பெற்றெடுத்தது என்பது இன்றைய அறிஞர் பலருடைய முடிபு.

இமோஜென் என்பாள் சேக்ஸ்பியரின் 'சிம்பலைன்' என்னும் நாடகத்தின் தலைவி. பழைய பிரித்தானிய அரசன் சிம்பலைனின் மகள். தந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் போஸ்துமஸ் லியோனேற்றஸ் என்பானை மணக்கின்றாள். அவன் நாடுகடத்தப்படுகின்றான். யாக்கிமோ என்னும் இத்தாலியன் அவள் கற்பின்மீது பந்தயம் கட்டி, பெட்டியொன்றினுள் ஒளிந்து அவள் பள்ளியறை புகுந்து, உறங்குவாளின் கைக்காப்பைக் கவர்ந்து சென்று பொய்ச்சான்று காட்டுகின்றான். அதனை நம்பிய கணவன் அவளைக் கொல்லுமாறு ஏவலாளனுக்கு எழுதுகின்றான். ஏவலாளனோ கொல்லாது விடுகின்றான். அவள் ஆண்வேடம் பூண்டு, பிடேல் என்னும் பெயருடன் வேல்சு நாட்டு மலைகளில் அலைந்து, தன் உடன்பிறந்தார் எனத் தெரியாமலே தன் தமையன்மாரின் குகையிற் புகலடைகின்றாள். ஈற்றில் உண்மை வெளிப்பட, பிழைத்த கணவனை மன்னித்து ஏற்றுக்கொள்கின்றாள். பிடேல் என்பது நம்பிக்கைக்குரியோர் எனப் பொருள்படும். தலைவியின் வேடப்பெயரையே இத்துணைக் கருத்தோடு தெரிந்தெடுத்த புலவர், அவளுடைய இயற்பெயரைக் கருதாது இட்டிருப்பாரா என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது.

இந்நாடகம் சேக்ஸ்பியர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் 1616ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடன் நடித்த ஹெமிங்கஸ், கொண்டெல் என்னும் இருவர் 36 நாடகங்களைத் தொகுத்து 1623ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருந்தொகுதியிலேதான் 'சிம்பலைன்' முதன்முதலாக, இறுதி நாடகமாக இடம்பெற்றது. அதில் தலைவியின் பெயர் தொடக்கமுதல் முடிவுவரை இமோஜென் என்றே காணப்படுகின்றது. ஆயின் அச்சுநூலுக்கு முந்திய சான்றொன்று வேறு கூறுகின்றது. சைமன் போர்மன் என்னும் சோதிடரும் மருத்துவருமான ஒருவர் தாம் அரங்குகளிற் கண்ட நாடகங்கள் சிலவற்றைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தார். அவர் 1611ஆம் ஆண்டு செப்டெம்பரில் இறந்தமையால், அவர் 'சிம்பலைன்' கண்டது அதற்கு முன்னரேயாதல் வேண்டும். ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்திலுள்ள அக்குறிப்பில் தலைவியின் பெயர் இன்னோஜென் என்று எழுதப்பட்டிருக்கின்றது.

இதற்குத் துணையாய் நிற்பன வேறு இரு சான்றுகள். இன்னோஜென் என்னும் பெயர் சேக்ஸ்பியர் காலத்துக் கற்றோர் அறிந்த பழம்பெயர். பிரித்தானியாவுக்குப் பெயர் தந்தவன் எனப் பழங்கதை கூறும் புரூற்றஸ் என்னும் முதலரசனின் மனைவி இன்னோஜென் ஆவாள். ஏறத்தாழ 1136ஆம் ஆண்டளவில் மொன்மத் ஜெப்ரி இலத்தீனில் எழுதிய அரசர் வரலாற்றில் அவள் கிரேக்க மன்னன் பண்டிராசஸ் என்பானின் மகள். கப்பல் கரையைவிட்டு அகலுங்கால் பிறந்த மண்ணை நோக்கிக் கண்ணீர் உகுத்துக் கணவன் கையில் மயங்கி வீழ்ந்தவளாக அவர் அவளை வருணிக்கின்றார். சேக்ஸ்பியர் பலகாலும் எடுத்தாண்ட ஹொலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுதியிலும் அப்பெயர் உண்டு. ஸ்பென்சரும் தம் காவியத்தில் இனோஜீன் என அதனைக் குறித்தார். பழைய பிரித்தானிய அரசர் கதையை நாடகமாக்கும் ஒருவர், அவ்வரசமரபின் முதற்றாயின் பெயரைத் தலைவிக்கு இடுதல் பொருத்தமுடைத்தே.

மற்றைய சான்று சேக்ஸ்பியரின் பிறிதொரு நாடகத்தில் உள்ளது. 1600ஆம் ஆண்டில் அச்சான 'ஒன்றுமில்லாததற்குப் பெருங்கூச்சல்' என்னும் இன்பியல் நாடகத்தின் தொடக்க அரங்கக் குறிப்பிலே, லியோனாற்றோ என்பானின் மனைவியாக இன்னோஜென் என்பாள் மேடைக்கு வருகின்றாள். ஆயின் நாடகம் முழுவதிலும் அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை; எவரும் அவளோடு பேசுவதுமில்லை. புலவர் முதலில் எண்ணிப் பின்னர்க் கைவிட்ட பாத்திரம் போலும். பதிப்பாசிரியர் தியோபால்ட் 1733ஆம் ஆண்டிற் பதிப்பித்தபோது அவளை அறவே நீக்கினார். ஆங்கு லியோனாற்றோவுக்கு இன்னோஜென் மனைவி. ஈண்டு லியோனேற்றசுக்கு இமோஜென் மனைவி. புலவர் உள்ளத்தில் இவ்விரு பெயர்களும் இணைந்தே கிடந்தன என்பதற்கு இதனினும் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் இன்னோஜென் எவ்வாறு இமோஜென் ஆயிற்று? அக்கால ஆங்கிலக் கையெழுத்தில் ஐ, என், எம், யூ முதலான எழுத்துக்கள் யாவும் சிறிய நிலைக்கோடுகளாலேயே ஆக்கப்பட்டன. இரண்டு கோடு என் எழுத்தைக் குறித்தது. மூன்று கோடு எம் எழுத்தைக் குறித்தது. இன்னோஜென் என்பதன் இரட்டை என் எழுத்துக்கு நான்கு கோடுகள் வேண்டும். அவற்றுள் ஒன்று மங்கினாலும், எண்ணுவோர் கண் ஒருமுறை தவறினாலும் எஞ்சுவது எம் எழுத்தே. தமிழ் ஏடுகளோடு பழகியோர்க்கு இஃது வியப்பன்று. ஓலையிற் புள்ளியிடாமையால் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கின. எகர ஏகாரங்கள் ஒரே வடிவில் நின்றன. காலும் ரகரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. இவ்வாறான ஏடுகளைக் கொண்டு கலித்தொகை முதலிய நூல்களை அச்சேற்றப் பட்ட இடர்களைச் சி. வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளில் எடுத்துரைத்துள்ளார். ஓலையாயினும் தாளாயினும், படியெடுப்போர் கண்ணும் கையும் பிழைசெய்தற்கு உரியனவே.

இம்முடிபை மறுப்போர் கூறும் காரணங்களும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. ஓரிடத்திற் பிழை நேரலாம். நாடகம் முழுவதிலும் ஒரே பிழை எங்ஙனம் நேரும் என்பது அவர் வினா. 1623ஆம் ஆண்டுத் தொகுதியிலேயே முன்னர்க் கூறிய இன்பியல் நாடகத்தில் இன்னோஜென் என்றும், 'சிம்பலைன்' நாடகத்தில் இமோஜென் என்றும் அச்சாகியிருத்தலை அவர் சுட்டுவர். போர்மன் பெயரைக் கண்ணாற் படித்தவரல்லர். அரங்கிற் செவியாற் கேட்டவர். தாம் முன்னறிந்த புரூற்றசின் மனைவி பெயரையே நினைவிற் கொண்டு எழுதியிருக்கலாம் என்பதும் அவர் கூற்று. இதற்கு மறுமொழியும் உண்டு. நாடகத்தைப் படியெடுத்த எழுத்தர் ஒருவர் பெயரை ஒருமுறை தவறாகக் கொண்டாராயின், பின்னர் வருமிடமெல்லாம் அவ்வாறே எழுதிச் செல்வர்; பழகிய கை ஐயுறுவதில்லை. ஆகவே சான்றுகளின் பாரம் இன்னோஜென் என்னும் பக்கமே சாய்கின்றது. எனினும் வழக்கு முற்றாக முடிந்துவிடவில்லை.

பெயரின் பொருள் பற்றியும் சில கூறவேண்டும். பழைய ஐரிய மொழியில் இங்கென் என்னும் சொல் மகள், கன்னி எனப் பொருள்படும். தென்மேற்கு வேல்சிலே கார்மார்தன் பகுதியில், ஏறத்தாழ ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த நினைவுக்கல் ஒன்று உளது. குனிக்னஸ் என்பான் மகள் அவிற்றோரியா என்னும் செய்தி அதில் இலத்தீனிலும், கோடுகளால் ஆகிய ஓகம் என்னும் ஐரிய எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. இலத்தீனில் 'பீலியா' என நிற்குமிடத்து ஓகத்தில் 'இனிகெனா' என நிற்கின்றது. இங்கென் என்பதன் பழைய வடிவம் இதுவே. இன்னோஜென் என்பதும் இவ்வேரினின்றும் கிளைத்ததென்பது பலர் கொள்கை. அக்கொள்கை பொருந்துமாயின், முறைப்பெயர் ஒன்று இயற்பெயராய் மாறிய வரலாறு இதுவாகும். தங்கச்சியம்மா, ஆச்சிமுத்து என்னும் பெயர்களை அறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு அம்மாற்றம் புதியதன்று. இனி, மாசின்மையைக் குறிக்கும் 'இன்னசென்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் ஓசை இன்னோஜென் என்பதில் எதிரொலித்தலால், பொய்ப்பழி சுமந்த தலைவிக்கு அதுவே ஏற்றதெனக் கூறுவாரும் உளர். இது சொல்லின் வரலாறன்று. செவியின் உணர்வு மாத்திரமே.

அச்சேறியபின் நெடுங்காலம் இமோஜென் என்பது நூற்பெயராகவே நின்றது. மக்கட் பெயராதல் அரிதாயிருந்தது. அதனை உயிர்ப்பித்தது அரங்கு. 1761ஆம் ஆண்டில் கரிக் இந்நாடகத்தைத் திருத்தியமைத்து மேடையேற்றினார். 1787ஆம் ஆண்டில் சாரா சிடன்ஸ் தலைவியாக நடித்தார். அக்காலத்திலேயே கதை எழுதுவோரும் பெயரைக் கைக்கொள்ளத் தொடங்கினர். கொட்வின் 1784ஆம் ஆண்டில் 'இமோஜென்' என்ற பெயரிற் கதையொன்று வெளியிட்டார். 1796ஆம் ஆண்டில் லூயிஸ் எழுதிய 'துறவி' என்னும் நாவலிலுள்ள கதைப்பாடலிலும், 1816ஆம் ஆண்டில் மற்றூரின் எழுதிய 'பெற்றம்' என்னும் நாடகத்திலும் இமோஜின் எனத் தலைவியர் தோன்றினர். ஹஸ்லிற் 1817ஆம் ஆண்டில் எழுதிய சேக்ஸ்பியர் திறனாய்வு நூலில் முதலிடம் பெற்றது 'சிம்பலைன்'. 1832ஆம் ஆண்டில் அன்னா ஜேம்சன் சேக்ஸ்பியரின் மகளிர் பற்றி எழுதிய நூலில் இமோஜெனுக்குத் தனியிடம் அளித்தார். நடிகையருள் ஹெலன் போசிற்றும், 1896ஆம் ஆண்டில் எலன் டெரியும் இப்பாத்திரத்தாற் புகழெய்தினர். கவிஞர் தெனிசன் 1892ஆம் ஆண்டில் மறைந்தபோது அவர் கையிலிருந்த 'சிம்பலைன்' பிரதி அவருடனேயே அடக்கஞ் செய்யப்பட்டது. இங்ஙனம் துன்பத்திலும் திரியாத அன்புக்கு உருவமாக இமோஜென் போற்றப்பட்ட அக்காலத்தே, பெற்றோர் சிலர் தம் மகளிர்க்கு அப்பெயரைச் சூட்டலாயினர்.

இருபதாம் நூற்றாண்டிற் பெயர் வேரூன்றியது. புகைப்படக் கலையில் அமெரிக்காவிற் பெயர்பெற்ற இமோஜென் கன்னிங்ஹம் 1883ஆம் ஆண்டிற் பிறந்தவர். இசையறிஞர் கஸ்ரவ் ஹோல்ஸ்ற்றின் மகளும் தாமும் இசைப்புலமை மிக்கவருமான இமோஜென் ஹோல்ஸ்ற் 1907ஆம் ஆண்டிற் பிறந்தார். அமெரிக்காவில் இமோஜீன் என நீண்டு ஒலிக்கும் வடிவம் பெரிதும் விரும்பப்பட்டது. நகைச்சுவை நடிகை இமோஜீன் கோக்கா அவ்வடிவினர். பிரித்தானியாவிலோ இப்பெயர் நெடுங்காலம் அருகியே வழங்கி, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியக்கத்தக்க ஏற்றம் பெற்றது. 2010இன் பின்னர் வந்த ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பெண்குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட முதல் ஐம்பது பெயர்களுள் ஒன்றாயிற்று.

பெயர் மக்களிடையே இவ்வாறு உயர்ந்துவந்த காலத்திலேயே அறிஞர் அதனை நூலினின்று நீக்கத் தலைப்பட்டமை வரலாற்றின் முரண் எனலாம். 1986ஆம் ஆண்டில் வெல்ஸ், டெய்லர் என்போர் முதன்மைப் பதிப்பாசிரியராய் நின்று வெளியிட்ட ஒக்ஸ்போர்ட் பதிப்பு தலைவியின் பெயரை இன்னோஜென் எனத் திருத்தியது. 2017ஆம் ஆண்டில் வந்த புதிய ஆர்டன் பதிப்பும் அவ்வழியே சென்றது. அரங்குகளும் இருபாற்பட்டன. 2016ஆம் ஆண்டில் றோயல் சேக்ஸ்பியர் கழகத்தார் இன்னோஜென் எனக் கொண்டு நடித்தனர். அதே ஆண்டில் இலண்டன் குளோப் அரங்கத்தார் நாடகத்தின் தலைப்பையே 'இமோஜென்' என மாற்றி நடித்தனர்.

இவ்விரு நெறிகளுள் எது சரி என்னும் வினா வெறும் ஓரெழுத்துப் பற்றிய வினாவன்று. ஆசிரியன் எழுதியதை மீட்டுத் தருதல் பதிப்பாசிரியனின் கடமை. நானூறு ஆண்டு வழங்கிவிட்டமையாற் பிழை மூலபாடம் ஆகிவிடாது. சான்று வலியுடையதாயின், பழகிய செவிக்கு இனிதாயிராவிடினும் திருத்தத்தான் வேண்டும். அங்ஙனம் திருத்துங்கால் மறுதலைச் சான்றையும் மறையாது காட்டுதல் நேர்மை.

ஆயின் நூலின் நீதி வேறு. வழக்கின் நீதி வேறு. அருமருந்தன்ன என்பது அருமந்த எனத் திரிந்ததை நன்னூலார் வழுவென்று தள்ளவில்லை. மரூஉ எனப் பெயரிட்டு இயல்பு வழக்கினுள் அடக்கினார். நாவினால் நேர்ந்த திரிபு அது. கண்ணினால் நேர்ந்த திரிபு இது. வேறுபாடு அவ்வளவே. இமோஜென் எனப் பெயர்பூண்டு வாழ்ந்தோரும் வாழ்வோரும் அச்சுப்பிழையைச் சூடியவரல்லர். அவர்தம் பெற்றோர் தெரிந்தெடுத்தது ஓர் எழுத்துக்கூட்டத்தையன்று. பொய்ப்பழிக்கு அஞ்சாது, பிழைத்தோரையும் பொறுத்த ஒரு பெண்ணின் பண்பையே. அப்பண்பு எழுத்து மாறியதனால் மாறவில்லை. ஆதலின் நாடகத்துத் தலைவி இன்னோஜென் என மீள்வாளாயினும், அவளாற் பெயர் பெற்றோர் இமோஜென் என்றே நிலைபெறுதல் முறையாகும். புலவன் எழுதிய பெயரை ஏடு காக்கட்டும். மக்கள் ஏற்றுக்கொண்ட பெயரை வழக்குக் காக்கும்.