ஓட்டிசமும் இரண்டாம் மொழியும்

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரு மொழியே போதும், வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்ற ஆலோசனை புலம்பெயர்ந்த பெற்றோர் பலருக்கு நல்லெண்ணத்துடனேயே வழங்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும் ஆய்வுகள் இதனை ஆதரிக்கவில்லை. கனடாவின் மொன்றியலில் ஓட்டிசம் உள்ள 75 பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இருமொழிச் சூழலில் வளர்ந்தோர் ஒருமொழிச் சூழலில் வளர்ந்தோரிலும் மொழியிற் பின்தங்கியிருக்கவில்லை.

பெற்றோர் தமக்குச் சரளமற்ற மொழியிற் பேச முற்பட்டால் பேச்சுக் குறுகும்; கொஞ்சலும் கதையும் அற்றுப்போகும்; தமிழ் மட்டுமே அறிந்த அம்மம்மாவிடமிருந்து பிள்ளை விலகும். பிறருடன் பழகுவதிலேயே இடர்ப்படும் பிள்ளைக்கு இது பேரிழப்பன்றோ?

பேச்சுச் சிகிச்சை அவசியமே. பாடசாலை தன் மொழியைக் கற்பிக்கட்டும். ஆனால், வீட்டு மொழியைப் பறிப்பது சிகிச்சையாகாது என்பதே எமது நிலைப்பாடு.