பெட்ரோல் வண்டி ஆயில் ஃபில்டரை டீசல் வண்டிக்குப் போடலாமா?

போன மாசம் ஜி.பி. ரோட்டுல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில நின்னுட்டிருந்தேன். அப்பாவோட பழைய டீசல் வண்டிக்கு ஆயில் மாத்தணும். கடைக்காரர் ஒரு ஃபில்டரை எடுத்து வெச்சார்.

"அண்ணே, இது பெட்ரோல் வண்டியோடதாச்சே?"

"மரை ஒண்ணுதான் தம்பி, சுத்தினா உக்காந்துடும்."

உக்காரும்தான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. உக்காந்த பிறகு உள்ள என்ன நடக்கும்ங்கறதுதான் இன்னிக்குப் பேச்சு.

டீசல் வண்டியில ஆயில் மாத்தி ரெண்டு நாள் கழிச்சு டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க, கறுப்பா இருக்கும். ஃபில்டர் வேலை செய்யலன்னு நினைக்கத் தோணும். விஷயம் அது இல்ல. டீசல் எரியும்போது வர்ற கரித்துகள் ஒரு மைக்ரானைவிடச் சின்னது. சாதாரண ஃபில்டர் பேப்பர் நல்லாப் பிடிக்கறது 20, 30 மைக்ரான் துகள்களைத்தான். நம்ம தலைமுடியே சுமார் 70 மைக்ரான்! அதனால கரி ஃபில்டருக்குள்ள புகுந்து ஜாலியா போய்ட்டு வந்துட்டிருக்கும். அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பார்த்துக்கறது ஆயில்ல கலந்திருக்கிற டிஸ்பெர்சன்ட். ஆயில் பழசாகி அந்தச் சக்தி தீர்ந்ததும் கரி திரண்டு கட்டியாகும். அப்போதான் ஃபில்டர் அடைக்கும். டீசல் ஃபில்டர்ல பேப்பர் மடிப்பு அதிகமா இருக்கறதும், பல நேரம் டப்பாவே பெருசா இருக்கறதும் இதைத் தாங்கத்தான்.

சின்ன ஃபில்டர் சீக்கிரம் அடைச்சா? உள்ளே ஸ்பிரிங் வெச்ச ஒரு பைபாஸ் வால்வு இருக்கும். அது திறந்து, ஆயிலை வடிகட்டாமலேயே இன்ஜினுக்கு அனுப்பிடும். ஆயில் இல்லாம ஓடறதுக்கு அழுக்கு ஆயில் தேவலைங்கற கணக்கு. ஆனா பிரஷர் குறையாததால டேஷ்போர்டுல லைட் எரியாது. உங்களுக்கு எதுவுமே தெரியாது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல சுத்தற டர்போவோட பேரிங்குக்கும் அதே அழுக்கு ஆயில்தான் போகும். எனக்குப் பயம் தந்தது இந்த இடம்தான்.

இன்னொரு சிக்கல். சில இன்ஜின்ல இந்த வால்வு பிளாக்லயே இருக்கும், அதுக்கான ஃபில்டர்ல இருக்காது. அந்த ஃபில்டரை வால்வு இல்லாத இன்ஜின்ல மாட்டினா, அடைச்சதும் ஆயிலே போகாது.

அப்போ பெட்ரோல் ஃபில்டர்னாலே ஆகாதா? அப்படியும் சொல்ல முடியாது. ஒரே ஃபில்டரை ரெண்டு வகை இன்ஜினுக்கும் கம்பெனியே பரிந்துரைக்கிறது உண்டு. ஸ்விஃப்ட்ல பார்த்தா நேர்மாறு: பெட்ரோலுக்குச் சுத்தி மாட்டற டப்பா, பழைய 1.3 லிட்டர் டீசலுக்கு ஹவுசிங்குக்குள்ள வைக்கிற வெறும் பேப்பர் எலிமென்ட். பேர் ஒண்ணு, வண்டி ஒண்ணு, ஃபில்டர் வேற. அதனால பெட்ரோலா டீசலான்னு கேக்காதீங்க. மேனுவல்ல இருக்கற பார்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்க, இல்லன்னா ஃபில்டர் கம்பெனி கேட்லாக்ல உங்க இன்ஜின் பேர் இருக்கான்னு பாருங்க.

நான் அன்னிக்கு வாங்கல. சரியான ஃபில்டர் வர ரெண்டு நாள் ஆச்சு, அதுவரைக்கும் பழைய ஃபில்டரோடயே வண்டி ஓடிச்சு. விலை கொஞ்சம் கூடத்தான். அப்பா முணுமுணுத்தார்.

மாட்டும்போது ஒண்ணு மட்டும் கவனிங்க. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜின்லயே ஒட்டிக்கும். அது மேலயே புதுசை மாட்டினா ஆயில் பீய்ச்சி அடிக்கும். விரலால தடவிப் பார்த்துட்டு மாட்டுங்க.