இணைய முகவரிக்கும் சந்தா உண்டு

மஹல்லா சந்தாவை உயர்த்தும் பேச்சு வந்தால் ஜமாஅத் கூட்டம் இரண்டாகப் பிரிவது வழமை. எல்லோருக்கும் ஒரே தொகை என்பர் ஒரு சாரார்; வசதிக்கேற்ப வாங்குங்கள் என்பர் மறு சாரார். இணைய உலகிலும் இதே வாதம் நடந்து வருகிறது.

இணையத்தோடு இணையும் ஒவ்வொரு வலையமைப்புக்கும் இலக்க முகவரிகள் தேவை. ஒரே முகவரி இருவருக்குப் போய்விடாதபடி பதிவேடு பேணுபவை ஐந்து பிராந்தியப் பதிவகங்கள். ஐரோப்பாவுக்கும் மத்திய கிழக்குக்கும் அம்ஸ்டர்டாமிலுள்ள ரைப் என்.சி.சி. பொறுப்பு. இலங்கை, பிரிஸ்பேன் நகரிலுள்ள ஏப்னிக்கின் கீழ் வருகிறது. இவை இலாப நோக்கற்றவை. ஆனால் இலாப நோக்கற்றது என்றால் செலவற்றது என்று பொருளல்ல. ஊழியர் சம்பளம், கணினிகள், பாதுகாப்பு, பயிற்சி, சட்டச் செலவு யாவும் பெரும்பாலும் உறுப்பினர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும்.

ரைப்பில் 2013 முதல் கணக்கொன்றுக்கு ஒரே கட்டணம். 2022இல் 1,400 யூரோ, 2023இல் 1,550, 2025இல் 1,800 என அது உயர்ந்தது. காரணம் என்ன? பழைய வகை முகவரிகள் அருகியபோது, 2012 முதல் கணக்கொன்றுக்கு 1,024 முகவரிகளே கிடைத்தன. அதனால் பல நிறுவனங்கள் மேலதிகக் கணக்குகளைத் திறந்தன. 2019 நவம்பரில் கையிருப்பு முடிந்தது. பின்னர் அக்கணக்குகள் ஒன்றிணைக்கப்பட்டு மூடப்படலாயின. கட்டுவோர் தொகை குறைந்தது, செலவோ குறையவில்லை.

சிறியவர்களின் முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு. 1,024 முகவரி வைத்திருப்பவருக்கு 1,800 யூரோ என்றால் முகவரி ஒன்றுக்கு ஏறத்தாழ 1.75 யூரோ. பத்து இலட்சம் வைத்திருப்பவருக்கு ஒரு சதத்தின் ஐந்திலொரு பங்குகூட இல்லை. பெரியவர்களின் பதில் வேறு: பதிவகம் முகவரி விற்கும் கடையல்ல, ஆயிரம் மடங்கு முகவரி இருப்பதால் பதிவேட்டு வேலை ஆயிரம் மடங்காவதில்லை.

ஏப்னிக் மறுவழியைத் தெரிந்தது. அங்கு முகவரி கூடினால் கட்டணமும் கூடும். கூடவே வாக்குகளும் கூடும். மிகப் பெரிய உறுப்பினருக்கு 64 வாக்குகள் வரை உண்டு. ரைப்பிலோ உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். ஆகவே பணம் அதிகம் தருபவருக்குக் குரலும் அதிகமாக வேண்டுமா என்ற கேள்வியைத் தொடாமல் கட்டணத்தைத் தீர்மானிக்க இயலாது.

இதைவிட முக்கியமான ஒன்று உள்ளது. ரைப் உறுப்பினர் கட்டணத்துக்கு வாக்களிக்கிறார்கள். வரவு செலவுத் திட்டத்தையோ, அவர்களின் கருத்தைக் கேட்டபின், நிர்வாக சபையே நிறைவேற்றுகிறது. கட்டணம் ஆண்டின் நடுப்பகுதிக்கு முன்னர் முடிவாகிறது. செலவுத் திட்டம் ஆண்டிறுதியில்தான் உறுதியாகிறது. செலவைக் காணாமல் சந்தாவைத் தீர்மானிப்பது எப்படி என்று உறுப்பினர் கேட்பதில் தவறில்லை.

அதற்காகக் கண்மூடிச் செலவை வெட்டுவதும் ஆபத்து. 2021இல் மொரீஷியஸிலுள்ள ஆபிரிக்கப் பதிவகத்தின் வங்கிக் கணக்குகள், உறுப்பினர் நிறுவனம் ஒன்றின் வழக்கில் முடக்கப்பட்டன. அத்தகைய நாளில் கைகொடுக்கச் சேமிப்பும் வேண்டும், அது எட்டும் இடத்திலும் இருக்க வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. ஏப்னிக் கட்டணம் அவுஸ்திரேலிய டொலரில் அறவிடப்படுகிறது. 2022இல் ரூபா சரிந்தபோது, அங்கு ஒரு சதம் கூடாவிட்டாலும் இங்கு ரூபாக் கணக்கில் சுமை கூடியது.

எனவே பதிவகமானாலும் பள்ளிவாசலானாலும் ஒழுங்கு ஒன்றே: முதலில் செலவுத் திட்டம் மேசைக்கு வரட்டும், அடுத்து சேமிப்பு எவ்வளவு என்பது தெரியட்டும், அதன் பின் யார் எவ்வளவு தருவது என்று பேசுவோம். கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து குறைகூறுபவரின் சந்தாவை மற்றவர்களே தீர்மானிப்பார்கள்.