‘சி.ஐ.டி. 999’ வெறும் ‘007’-இன் நகலா? உளவுப்பட ரசிகர்களிடையே எடுபடாத கருத்துகள்: ஒரு விளக்கம்

மைசூரு: ஜேம்ஸ் பாண்ட் திரைப்பட வரிசையின் படைப்புரிமைக் கட்டுப்பாடு 2025 பிப்ரவரியில் அமேசான் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதே ஆண்டு ஜூன் மாதம், அடுத்த படத்தை டெனி வில்நோவ் இயக்குவார் என அறிவிக்கப்பட்டது. இவ்விரு அறிவிப்புகளுக்கும் பிறகு, 1962 முதல் 2021 வரை வெளியான 25 படங்களில் எது சிறந்தது, எந்த நடிகர் பொருத்தமானவர் என்ற பழைய வழக்கு மீண்டும் சூடுபிடித்துள்ளது.

இவ்வழக்கில் பெரும்பான்மை ரசிகர்களின் தீர்ப்பு ஏறக்குறைய முடிவானது. ஷான் கானரியே முதன்மையானவர், ‘கோல்ட்ஃபிங்கர்’ இலக்கணம், ஜார்ஜ் லேசன்பி ஒரு விபத்து, ரோஜர் மூர் வேடிக்கை மனிதர். இதற்கு எதிராகப் பேசுவோர் எப்போதும் சிறுபான்மையினரே. ஆயினும் காலம் செல்லச் செல்ல அந்தச் சிறுபான்மையினரின் வாதங்களே வலுப்பெற்று வந்துள்ளன.

கர்நாடகத்துக்கும் இப்படியொரு வழக்கு உண்டு. நடிகர் ராஜ்குமார் ‘சி.ஐ.டி. 999’ பிரகாஷாக நடித்த நான்கு படங்கள் ‘கன்னட ஜேம்ஸ் பாண்ட்’ என்ற ஒற்றைத் தொடரால் நினைவுகூரப்படுகின்றன. அந்தப் பட்டமே அப்படங்களுக்குச் செய்யப்பட்ட அநீதி என்பது அங்கே அதிகம் எடுபடாத கருத்து. அதில் நியாயம் இருக்கிறதா?

ஏற்கப்படாத கருத்து எவ்வாறு பொதுக்கருத்தாகிறது?

1969-இல் வெளியான ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ இதற்குத் தெளிவான சான்று. விளம்பர மாடலாக இருந்த ஆஸ்திரேலியரான லேசன்பி, அந்த ஒரே படத்துடன் பாண்ட் வேடத்திலிருந்து விலகினார். நாயகன் திருமணம் செய்துகொள்கிறான். படத்தின் இறுதியில் மனைவி கொல்லப்படுகிறாள். வெற்றிச் சிரிப்பின்றிக் கதை முடிகிறது. கானரியை எதிர்பார்த்துச் சென்றவர்களுக்கு அது ஏமாற்றமாகவே அமைந்தது.

‘அதுவே வரிசையின் சிறந்த படம்’ என்று சொன்னவர்கள் நெடுங்காலம் நகைப்புக்கு ஆளாயினர். பின்னர் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தமக்கு மிகவும் பிடித்த பாண்ட் படம் அதுவே என்றார். 2021-இல் வெளியான ‘நோ டைம் டு டை’, அந்தப் பழைய படத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாடலைத் தன் இறுதிக் காட்சிகளின் பின் ஒலிக்கவிட்டது. ஒதுக்கப்பட்ட படத்திடம் வரிசையே திரும்பிச் சென்று கடன் வாங்கியது எனலாம்.

மாறாக, ‘கோல்ட்ஃபிங்கர்’ அளவுக்கு மீறிப் புகழப்பட்டது என்போரின் வாதம் எளிதில் மறுக்கக்கூடியதன்று. படத்தின் பிற்பகுதியில் பெரும்பாலான நேரம் நாயகன் வில்லனின் பிடியில் கைதியாக இருக்கிறான். இறுதியில் அணுகுண்டை நிறுத்துவதும் அவன் அல்லன். உரிய நேரத்தில் வந்து சேரும் வல்லுநர் ஒருவரே அதனைச் செய்கிறார். உலகின் தலைசிறந்த ஒற்றன் என்று நாம் நம்பியவர் அதில் செய்யும் வேலை உண்மையில் குறைவு.

இந்தியாவில் படமாக்கப்பட்ட ‘ஆக்டோபசி’ (1983) பற்றிய கருத்து வேறுபாடு இன்னும் நெருக்கமானது. உதய்ப்பூரின் ஏரி அரண்மனையையும் சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜையும் திரையில் கண்ட பெருமிதம் ஒருபுறம். மறுபுறம், தீக்கங்குகள், வாள் விழுங்குவோர், ஆணிப் படுக்கை எனச் சுற்றுலாக் கையேட்டு இந்தியாவையே அப்படம் காட்டியது. உதய்ப்பூருக்குச் செல்லும் வழியில் தாஜ்மகாலும் வந்துவிடுகிறது! இவ்வளவும் தெரிந்தே அதனை விரும்பும் இந்திய ரசிகர்கள் உண்டு. ஆட்டோ ரிக்‌ஷா துரத்தலில் விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையைச் சுழற்றும் காட்சிக்கு முன் தர்க்கம் நிற்பதில்லை.

நான்கு படங்கள், ஓர் எண்

ராஜ்குமாரின் வரிசை 1968-இல் ‘ஜேடர பலெ’ படத்துடன் தொடங்கியது. தமிழில் ‘சிலந்தி வலை’ எனப் பொருள்படும் அப்படத்தை துரை – பகவான் இரட்டையர் இயக்கினர். அதே ஆண்டில் ‘கோவாதல்லி சி.ஐ.டி. 999’, அடுத்த ஆண்டில் ‘ஆபரேஷன் ஜாக்பாட்னல்லி சி.ஐ.டி. 999’ ஆகியன வெளியாயின. ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 1978-இல் வண்ணத்தில் ‘ஆபரேஷன் டைமண்ட் ராக்கெட்’ வந்தது. இசையமைத்தவர் ஜி.கே. வெங்கடேஷ், இளையராஜா உதவியாளராகப் பணிபுரிந்த அதே இசையமைப்பாளர்.

முதல் படத்தின் நாயகி ஜெயந்தி, தமிழ் ரசிகர்களுக்கு ‘எதிர்நீச்சல்’, ‘இரு கோடுகள்’ வழியே அறிமுகமானவர். நடிகை லட்சுமி கன்னடத்தில் அறிமுகமானது கோவா படத்தில்தான். போர்ச்சுகீசியரிடமிருந்து கோவா விடுதலை பெற்று ஏழு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்த நிலப்பரப்பு கன்னடப் பார்வையாளருக்கு ஏறத்தாழ வெளிநாட்டுக்கு நிகராக இருந்தது. இலண்டனுக்கும் ஜமைக்காவுக்கும் செல்ல வழியற்ற தயாரிப்புக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

அந்தப் பத்தாண்டில் தென்னிந்தியத் திரையுலகம் முழுவதும் எண்களால் நிறைந்திருந்தது என்பதையும் கருத வேண்டும். தெலுங்கில் கிருஷ்ணாவும் ஜெயலலிதாவும் நடித்த ‘கூடசாரி 116’ 1966-இல் வெளியானது. தமிழில் எம்.ஜி.ஆர். 1968-இல் ‘ரகசிய போலீஸ் 115’ ஆனார். அதனை இயக்கிய பி.ஆர். பந்துலு கோலார் பகுதியைச் சேர்ந்தவர். ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்ற பட்டம் ஜெய்சங்கருக்கு நிலைத்தது.

அப்பட்டத்திலும் ஒரு சிக்கல் உள்ளது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் அவர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ (1966), பாண்ட் படத்தைத் தழுவியதன்று, ‘ஓ.எஸ்.எஸ். 117’ என்ற பிரெஞ்சு உளவாளியின் படத்தைத் தழுவியது. ழான் புரூஸ் அந்த உளவாளியை 1949-இலேயே படைத்துவிட்டார். இயான் ஃபிளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் வந்தது 1953-இல். பாண்டின் நகல் என்று நாம் அழைப்பதன் மூலம், பாண்டுக்கு முந்தைய ஒன்றாகவும் இருக்கக்கூடும்.

எடுபடாத மூன்று வாதங்கள்

‘சி.ஐ.டி. 999’ படங்களைப் பற்றிய பொது மதிப்பீடு இரண்டு முனைகளில் நிற்கிறது. ‘நம்மிடமும் ஒரு பாண்ட் இருந்தார்’ என்ற பெருமை ஒன்று. ‘பாண்டைப் பார்த்து எடுத்தவைதானே’ என்ற அலட்சியம் மற்றொன்று. இரண்டும் பாண்டையே அளவுகோலாகக் கொள்கின்றன.

முதல் மாற்றுக் கருத்து, அந்த அளவுகோலையே கேள்விக்குள்ளாக்குகிறது. ராஜ்குமார் 1954-இல் ‘பேடர கண்ணப்பா’வில் கண்ணப்ப நாயனாராக அறிமுகமானவர். தமது நூறாவது படமான ‘பாக்யத பாகிலு’ வெளியான அதே 1968-இல்தான் அவர் கைத்துப்பாக்கி ஏந்திய ஒற்றரானார். புராண நாயகராகவும் பக்தராகவும் தங்கள் நினைவில் பதிந்த ஒருவரைக் கோட்டு, சூட்டு அணிந்த உளவாளியாகக் காண்பதில் பார்வையாளருக்குக் கிடைத்த கிளர்ச்சி, கானரியைக் காண்பதில் கிடைப்பதன்று. கானரிக்கு முன்வரலாறு இல்லை, ராஜ்குமாருக்கு இருந்தது. மதுவும் சிகரெட்டும் இன்றித் தம் நாயகர் திரையில் உயர்ந்தார் என்பது அவருடைய ரசிகர்கள் இன்றளவும் சொல்லும் பெருமை. அத்தகைய ஒருவரைச் சூதும் சபலமும் நிறைந்த உலகுக்குள் அனுப்பி, மாசின்றி மீட்டு வருவதே இக்கதைகளின் உண்மையான பதற்றம். பாண்ட் படத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இந்த வாதம் ஏற்கத்தக்கது என்றே தோன்றுகிறது. 2015-இல் ‘ஸ்பெக்டர்’ இந்தியாவுக்கு வந்தபோது தணிக்கை வாரியம் முத்தக் காட்சிகளின் நீளத்தைப் பாதியாகக் குறைத்ததும், அது நகைப்புக்கு உள்ளானதும் நினைவிருக்கலாம். அந்தக் கத்தரிக்கோல் செய்ய முயன்றதை, 1968-இல் ஒரு நடிகரின் பிம்பம் எவரும் கேளாமலேயே செய்து முடித்திருந்தது.

இரண்டாவது கருத்து, இயக்குநர்களைப் பற்றியது. துரை – பகவான் என்றதும் கன்னடத் திரை விமர்சகர்கள் குறிப்பிடுவது ‘கஸ்தூரி நிவாச’ (1971), ‘எரடு கனசு’ (1974) போன்ற குடும்பக் காவியங்களையே. முன்னது தமிழில் சிவாஜி கணேசன் நடிப்பில் ‘அவன்தான் மனிதன்’ ஆனது. உளவுப் படங்களோ அவர்கள் வாழ்க்கைக் குறிப்பில் தொடக்ககாலக் குறும்பாக ஓரிரு வரிகளில் கடந்துபோகின்றன. இவ்விருவரும் விறுவிறுப்பையும் சிக்கனத்தையும் பயின்ற பள்ளி அதுதான் என்று கூறுவோர் மிகச் சிலரே. இதனை முழுமையாக ஏற்பது கடினம். ‘கஸ்தூரி நிவாச’வின் நிதானம் எந்த உளவுப் படத்திலும் கற்கக்கூடியதாகத் தெரியவில்லை. எனினும், ஒரே நாயகனை, ஒரே எண்ணுடன், நான்கு முறை திரும்ப அழைத்து வந்த துணிவு கவனத்துக்குரியது. எம்.ஜி.ஆரின் 115 ஒரு படத்தோடு ஓய்ந்தது. தொடர் என்ற வடிவமே நம் திரையில் அரிதாக இருந்த காலத்தில் 999 பத்தாண்டு நீடித்தது.

மூன்றாவது கருத்துக்கே எதிர்ப்பு அதிகம்: நான்காவது படம் தேவையற்றது என்பது. 1929-இல் பிறந்த ராஜ்குமாருக்கு 1978-இல் 49 வயது. அவர் ஆங்கில வரிகளுடன் பாடிய அப்படத்தின் பாடல், இன்று இளைஞர்களிடையே நகைச்சுவைத் துணுக்காக உலவுகிறது. வயதை முன்வைத்து எழுப்பப்படும் குறை வலுவற்றது. 1985-இல் தம் கடைசி பாண்ட் படம் வெளியானபோது ரோஜர் மூருக்கு 57. வலுவான குறை வேறு. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ராஜ்குமார் ‘பங்காரத மனுஷ்ய’ (1972) வழியே மண்ணுக்குத் திரும்பும் நாயகரானார். 1976-இல் மைசூரு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. ‘டாக்டர் ராஜ்குமார்’ என்று மாநிலமே விளிக்கத் தொடங்கிய பிறகு, எவ்வித ஆபத்தும் அவரைத் தொட முடியாது எனப் பார்வையாளர் முன்கூட்டியே அறிந்திருந்தனர். ஒற்றன் முகம் தெரியாதவனாக இருக்க வேண்டும். 1978-இல் கர்நாடகத்தில் அவரைவிட அறியப்பட்ட முகம் வேறில்லை.

தமிழில் நிகழ்ந்த மறுமதிப்பீடு

கமல்ஹாசன் நடித்து, ராஜசேகர் இயக்கிய ‘விக்ரம்’ 1986-இல் வெளியானபோது, எழுத்தாளர் சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதியிருந்த கதையின் எதிர்பார்ப்பைப் படம் ஈடுசெய்யவில்லை என்ற பேச்சே மிகுந்திருந்தது. சலாமியா என்ற கற்பனை நாடும் ஏவுகணைத் திருட்டும் ஒட்டவில்லை என்றனர். ‘காலத்துக்கு முந்திய முயற்சி’ என வாதாடியவர்கள் அன்று சிலரே. 36 ஆண்டுகள் கழித்து, 2022-இல், லோகேஷ் கனகராஜ் அதே பெயரையும் அதே உளவாளியையும் மீட்டெடுத்தபோது அந்தச் சிலரின் கருத்து திரையரங்கக் கைதட்டலாக மாறியது. பழைய படத்தின் குறைகள் எதுவும் மறையவில்லை. அதனைப் பார்க்கும் கண்கள் மாறின.

அத்தகைய மறுமதிப்பீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய படம் காணக் கிடைக்க வேண்டும். பாண்டின் 25 படங்களும் மெருகேற்றப்பட்ட பிரதிகளாகப் பலமுறை விற்பனைக்கு வந்துவிட்டன; லேசன்பியின் படத்தை எவரும் இன்றிரவே பார்த்துத் தம் கருத்தை மாற்றிக்கொள்ள இயலும். ராஜ்குமாரின் படங்களுள் ‘கஸ்தூரி நிவாச’ வண்ணமூட்டப்பட்டு 2014-இல் திரையரங்குகளுக்குத் திரும்பியது. குடும்பக் காவியத்துக்குக் கிடைத்த அந்தக் கவனம் கறுப்பு வெள்ளை ஒற்றருக்கும் கிடைத்தால்தான், மேற்கண்ட வாதங்களில் எது நிற்கும் எது விழும் என்று தெரியவரும். அதுவரை, ‘ஜேடர பலெ’யைப் பார்க்காதவர்களே அதனை ‘கன்னட பாண்ட்’ எனப் புகழவும் இகழவும் செய்துகொண்டிருப்பர்.

மைசூருவில் சாந்தலா, லட்சுமி போன்ற பழைய திரையரங்குகள் அண்மை ஆண்டுகளில் மூடப்பட்டுவிட்டன. தசரா விழாவின் ஓர் அங்கமாக இந்நகரில் திரைப்பட விழாவும் நடத்தப்படுவதுண்டு. ராஜ்குமாருக்கு டாக்டர் பட்டம் அளித்த பல்கலைக்கழகம், அவருடைய மகன் புனீத் ராஜ்குமாருக்கும் மறைவுக்குப் பின் 2022-இல் அதே கௌரவத்தை வழங்கியது. படங்களை இயக்கிய துரை 2000-இலும், பகவான் 2023 பிப்ரவரியிலும் காலமாயினர். ஜெயந்தி 2021-இல் மறைந்தார். 999 என்ற எண்ணை எவ்வாறு தேர்ந்தெடுத்தனர், கோவாவில் எப்படிப் படமெடுத்தனர் என்பதை நேரில் கேட்டறியக்கூடிய வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது; எஞ்சியிருப்பவை படச்சுருள்களே.